பின் இருக்கையிலிருந்து திண்டுக்கல்: ஒரு முகூர்த்த நாளில் நூற்று மூன்று கிலோமீட்டர்

"கொடைக்கானல் போகும் வழியில் திண்டுக்கல்லில் ஒரு நாள் இருக்கிறது, பார்க்க ஏதாவது உண்டா?" என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அந்த 'ஏதாவது' எனக்குப் பிடிப்பதில்லை. நான் இந்த ஊரில் பிறந்து, இங்கே கான்வென்ட்டில் படித்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டு, எழுபத்தொரு வயதிலும் இங்கேயே இருப்பவள். உண்டு. ஒரு நாள் போதாத அளவுக்கு உண்டு. ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை, காரும் ஓட்டுநருமாக நான் சுற்றி வந்த கணக்கை நேரம், தூரம், செலவுடன் எழுதுகிறேன்.

முதலில், ஓட்டுநர் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. அவர் இருந்தபோதும் நான்தான் ஓட்டினேன். அவர் போன பிறகு ஒன்பது வருடமும் நானேதான் ஓட்டினேன். ஜூன் மாதம் கண் மருத்துவர், பக்கப் பார்வை குறைந்துவிட்டது, இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றார். சென்னையிலிருக்கும் மகன் உடனே, "வண்டியை வித்துட்டு இங்க வந்துருங்கம்மா" என்றான். எனக்குச் சரிப்பட்ட ஓர் ஓட்டுநர் கிடைத்தால் வண்டி இருக்கும், கிடைக்காவிட்டால் விற்கலாம் என்று ஒப்புக்கொண்டேன். இரண்டு மாதத்தில் நான்கு ஆக்டிங் டிரைவர்களை அனுப்பிவிட்டேன். ஒருவர் போன் பேசிக்கொண்டே ஓட்டினார். ஒருவர் பிரேக்கை உதைத்தார். மற்ற இருவரைப் பற்றி எழுதுவதே நேர விரயம். ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர், "இவர்தாம்மா கடைசி, இதுக்கு மேல எங்கிட்ட ஆளில்ல" என்று சொல்லி ஐந்தாவதாக அனுப்பியவர் செல்வராசு. இவரும் சரிப்படாவிட்டால் மாதக் கடைசியில் கார் போகும். பின்னாலேயே நானும் போக வேண்டியதுதான்.

துணைக்கு என் வகுப்புத் தோழி கமலவேணி கோவையிலிருந்து வந்திருந்தாள். கான்வென்ட் விடுதியில் நான்கு வருடம் இருந்தவள். ஆனால் மதிலுக்கு வெளியே அவள் பார்த்தது ரயில் நிலையம் ஒன்றைத்தான். மலைக்கோட்டையைக்கூட ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். அவளுக்காக நிமிடக் கணக்கில் ஒரு திட்டம் எழுதி வைத்திருந்தேன்.

முந்தின நாள் மாலை செல்வராசு போனில், "அம்மா, நாளைக்குப் பெரிய முகூர்த்தம். நிலக்கோட்டைப் பக்கம் வண்டி நகராது. அத வேற நாளைக்கு வச்சுக்கிருவமா?" என்றார். திட்டம் போட்டாகிவிட்டது, ஐந்தரைக்கு வந்தால் போதும் என்றேன். என் வீட்டில் தொங்குவது பங்குக் கோவில் காலண்டர். அதில் எல்லாப் புனிதர்களின் திருநாளும் இருக்கும், முகூர்த்த நாள் இருக்காது. இதுவரை அது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதில்லை.

மறுநாள் ஐந்து பத்துக்கே வந்து கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். சலவைச் சட்டை போட்டிருந்தார். போனை அணைத்து டாஷ்போர்டுக்குள் வைத்தார். இதுவரை நல்ல மதிப்பெண். ஐந்து முப்பத்திரண்டுக்குக் கிளம்பினோம்.

நான்கு வழிச் சாலையில் ஐம்பதுக்கு மேல் போகவில்லை. "எழுபதுல போகலாம்" என்றேன். "போயிரலாம்மா" என்றார், ஆனால் போகவில்லை. முன்னால் லாரி தெரிந்தால் வெகு தூரத்திலேயே காலை எடுத்துவிட்டு வண்டியை உருள விடுகிறார். பின் இருக்கையில் என் வலது கால் தரை விரிப்பை மிதித்துக்கொண்டே இருந்தது. கமலவேணி குனிந்து பார்த்து, "ஏண்டி லூர்து, அங்க என்ன பூச்சியா?" என்றாள்.

கொடைரோடு தாண்டி நிலக்கோட்டை சாலையில் திரும்பியதும் வண்டிகள் நின்றுவிட்டன. மினி வேன், ஆட்டோ, இரண்டு பக்கமும் சாக்குத் தொங்கும் மோட்டார் சைக்கிள், எல்லாவற்றிலும் பூ. பத்து நிமிடம் பொறுத்தேன். பிறகு, இடது பக்கம் ஒரு சந்து உண்டு, அதில் ஒடியுங்கள் என்றேன். "அது இப்ப..." என்று தொடங்கினார். "எனக்குத் தெரியும்" என்றேன். ஒடித்தார். பாதி சந்தில் எதிரே ஒரு பூ வேன், அதன் பின்னால் இன்னும் இரண்டு. "ரைட்டு, ரைட்டு" என்று நான் சொல்லச் சொல்ல, அவர் அத்தனை தூரமும் பின்னாலேயே எடுத்து வெளியே வந்தார். வீட்டிலிருந்து முப்பத்தொரு கிலோமீட்டர். திட்டப்படி ஆறேகால், போய்ச் சேர்ந்தது ஏழு இருபது.

ஆனால் நிலக்கோட்டைப் பூச்சந்தை! தரையெல்லாம் மல்லிகை மொட்டு. இன்னும் விரியாதது, பச்சை கலந்த வெள்ளை. தராசில் கொட்டிய வேகத்தில் சாக்குக்குள் போகிறது. அன்று கிலோ ஆயிரத்து இருநூறு ரூபாய், சாதாரண நாளில் அதில் பாதிகூட இராது. இங்கே சாக்கில் கட்டும் பூ சாயங்காலத்துக்குள் எங்கெங்கோ ஊர்களில் கூந்தலில் இருக்கும். இது எங்கள் மாவட்டத்துப் பூ. கமலவேணி கால் கிலோ வாங்கினாள். கடைக்காரர் கொசுறாகக் கட்டிய சரம் ஒன்றை அவளிடம் மட்டும் நீட்டினார். என் நெற்றியையும் கழுத்தையும் பார்த்திருப்பார். "எனக்கும் ஒரு முழம் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி அங்கேயே வைத்துக்கொண்டேன். முப்பது ரூபாய்.

பையைத் தூக்க வந்த செல்வராசுவைக் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. "ஏலே செல்வராசு, வேனை வித்துட்டுக் கார்ல ஏறிட்டியாக்கும்?"

"ஆமாப்பு. பூவவிட ஆளுக பரவாயில்ல, வாடாது."

"அம்மா, இவன் இருவது வருசம் எங்க பூ ஏத்துனவன். எல்லாப் பயலும் போனப்புறம்தான் போய்ச் சேருவான். ஆனா இவன் ஏத்திப் போன மூட்ட ஒண்ணு திரும்பி வந்ததில்ல. வெடுக்குன்னு பிரேக்கப் போட்டா அடி மூட்ட நசுங்கிரும்ல. கறுத்த மொட்ட எவன் வாங்குவான்?"

இதைக் குறித்துக்கொண்டேன். ஆனால் அப்போது எட்டே முக்கால். திட்டம் ஒன்றரை மணி நேரம் பிந்தியிருந்தது, என் கவனமெல்லாம் அதில்தான்.

வழியில் இட்லி, வடை, காபி, மூவருக்கும் இருநூற்று பத்து ரூபாய். பத்து மணிக்குச் சின்னாளபட்டி. இங்கே சுங்குடிச் சேலையை நெசவாளர் குடும்பங்கள் நடத்தும் கடைகளில் நேரே வாங்கலாம். பருத்தி, எண்ணூற்றைம்பதிலிருந்து. பகல் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள், முந்தானையிலும் உடலிலும் புள்ளி ஒரே கணக்கில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணினேன். கடைக்காரப் பெண்மணி, "ஆயிரத்துக்கு மேல இருக்கும்மா, சாப்பாடு போடச் சொல்லட்டுமா?" என்றார். கமலவேணி ஐந்து சேலை எடுத்தாள். பதினொன்றேகாலுக்குத்தான் அவளைக் காரில் ஏற்ற முடிந்தது.

அடுத்தது தாடிக்கொம்பு. பெருமாள் கோவிலில் பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள். "பைபாஸ்ல போயிரட்டுமாம்மா?" என்றார் செல்வராசு. ஊருக்குள்ளேயே போகச் சொன்னேன். நாற்பது வருடம் நான் ஓட்டிய வழி அது. முதல் கல்யாண மண்டபத்தின் வாசலிலேயே மாட்டிக்கொண்டோம். பந்தி முடிந்து வெளியே வருகிறவர்கள், உள்ளே போகிறவர்கள், நடுரோட்டில் நிறுத்திய பேருந்து. ஹார்ன் அடியுங்கள் என்றேன், அடித்தார். அடிக்காதீர்கள் என்றேன், விட்டார். பன்னிரண்டு முப்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெரிய கதவு சாத்தியிருந்தது.

"இன்னிக்கு முகூர்த்தம்னு எனக்குத் தெரியும்" என்றாள் கமலவேணி. ஏன் சொல்லவில்லை என்றேன். "நீ கேக்கவே இல்லியே."

மர நிழலில் நிறுத்திவிட்டு செல்வராசு இறங்கி என் பக்கத்துக் கதவருகே வந்தார். "அம்மா, சாயங்காலம் வண்டிய வீட்டுல விட்டுட்டுச் சாவியக் குடுத்துர்றேன். நாளப்பின்ன வேற ஆளப் பாத்துக்கிருங்க."

"சம்பளம் போதவில்லையா?"

"அதெல்லாம் இல்லம்மா. கோவமும் இல்ல. ஒரு வண்டிய ரெண்டு பேரு ஓட்டுனா, ரெண்டு பேருமே ரோட்டப் பாக்க மாட்டோம். நான் உங்க சத்தத்தத்தான் பாக்குறேன். எங்கயாவது கொண்டுபோய் விட்டுருவேன்."

மற்ற நால்வரையும் நான்தான் நிறுத்தினேன். ஓட்டுநர் ஒருவர் என்னை நிறுத்துவது இதுதான் முதல் தடவை.

ஊருக்குத் திரும்பி ஒன்றேகாலுக்குப் பிரியாணி. சீரகச் சம்பா அரிசி, சிறு துண்டாக வெட்டிய ஆட்டுக்கறி, மிளகுக் காரம். பாஸ்மதியில் செய்துவிட்டுத் திண்டுக்கல் பிரியாணி என்று பலகை வைத்திருப்பவர்களை நான் மன்னிப்பதில்லை. ஒரு தட்டு இருநூற்று எண்பது. செல்வராசு தனி மேசையில் உட்கார்ந்துகொண்டார். கமலவேணி எலும்பைக் கடித்தபடி, "ஸ்கூல்ல சிஸ்டர் உன்னத்தான் மானிட்டராப் போட்டாங்க. அப்புறம் யாருமே உன்ன அந்த வேலையில இருந்து எடுக்கல" என்றாள். நான் தயிர் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டே முக்காலுக்கு மலைக்கோட்டை. நுழைவுச் சீட்டு தலைக்கு இருபத்தைந்து ரூபாய். பாறையிலேயே வெட்டிய அகலப் படிகள், சரிவு அதிகமில்லை. ஆனால் நிழல் கிடையாது, அதனால் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். இளையவர்கள் இருபது நிமிடத்தில் ஏறுவார்கள். நாங்கள் நான்கு இடத்தில் நின்று நாற்பத்தைந்து நிமிடத்தில் ஏறினோம். எழுபத்தொரு வயதில் அது குறைந்த வேகம் அல்ல. மேலே பீரங்கி நிறுத்திய மேடைகள், வெடிமருந்து அறை, சிலையில்லாத கோவில். கிழக்கே சிறுமலை நீலமாகக் கிடந்தது. கீழே ஊர் முழுவதும், மாதா கோவில் கோபுரமும் பள்ளிவாசல் மினாராவும் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டிகளுமாக, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரிந்தது. "இம்புட்டும் அந்த மதிலுக்கு வெளிய இருந்துச்சா?" என்று கமலவேணி எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கேட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது.

அவளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வரும்போதுதான் சாலைகளைப் பார்த்தேன். ஊருக்குள் நான் வரச் சொன்ன வழியில் வண்டிகள் எறும்பு வரிசை போல ஒட்டிக்கொண்டு, நகராமல் நின்றன. தூரத்தில் பைபாஸ் காலியாக இருந்தது. ஒரு பேருந்து அதில் தடையில்லாமல் போய் மறைந்தது. வாதாட இடமில்லை. என் கண்ணாலேயே பார்த்தாகிவிட்டது.

நாலரைக்குக் கீழே இறங்கினோம். செல்வராசு காரை நிழலுக்கு மாற்றி, கதவுகளைத் திறந்து வைத்திருந்தார். நான் உட்காராமல் நின்று சொன்னேன். "செல்வராசு, இன்னிக்கு எம்மேல மூணு தப்பு. முகூர்த்தம்னு நீங்க சொன்னதக் கேக்கல. சந்துல விடச் சொன்னேன். பைபாஸ வேண்டாம்னேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "நாலும்மா. ரிவர்ஸ் எடுக்கையில ரைட்டு ரைட்டுன்னீங்க. அங்க லெப்டுல ஒடிக்கணும். நான் லெப்டுலதான் ஒடிச்சேன்."

"சரி, நாலு."

கமலவேணி காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இப்ப எந்த வழிம்மா?" என்றார்.

"நீங்கதான் டிரைவர்."

பைபாஸ் வழியாகப் பத்து கிலோமீட்டர், பதினெட்டு நிமிடம். ஐந்துக்குத் தாடிக்கொம்பில் கதவு திறந்திருந்தது. நான் கிறிஸ்தவள், சந்நிதியில் எனக்கு வேண்டுதல் ஏதுமில்லை. ஆனால் அந்த மண்டபத் தூண்களுக்கு முன் நிற்க மதம் தேவையில்லை. ஆளுயரத்துக்கும் மேலான கற்சிலைகள், விரல் நகம் தெரிகிறது, கழுத்து மணியில் கோத்த நூல்கூடத் தெரிகிறது. எந்தப் பெரிய ஊரின் கோவிலுக்கும் குறைந்த வேலை அல்ல இது. காலையில் தாலி கட்டிய ஜோடிகள் மூன்று, மாலையோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஒரு மணி நேரம் இருந்தோம். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஆறே முக்காலுக்கு வீடு. செல்வராசு சாவியைக் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்து எப்பம்மா போகணும்?" என்றார். செவ்வாய்க்கிழமை பழனி என்றேன். "அஞ்சு மணிக்கு வாரேன். வெயிலுக்கு முன்னாடி போயிரலாம்." நான் ஆறு என்று நினைத்திருந்தேன். ஐந்து என்றே எழுதிக்கொண்டேன்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு: மொத்தம் நூற்று மூன்று கிலோமீட்டர். சொந்தக் காருக்கு ஆக்டிங் டிரைவர் நாளொன்றுக்கு ஆயிரத்து நூறு, சாப்பாடு தனி. பெட்ரோல் ஏறக்குறைய எண்ணூறு. கார் இல்லாதவர்களுக்கு வாடகைக் கார் மூவாயிரத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு வரை ஆகும் என்று எங்கள் பகுதியில் சொல்கிறார்கள். பூச்சந்தைக்குக் காலை ஏழுக்கு முன் போங்கள், முகூர்த்த நாளில் போகாதீர்கள். மலைக்கோட்டை காலையிலோ மூன்று மணிக்கு மேலோ. கோவில் நான்கு மணிக்குப் பிறகு. ஓட்டுநரிடம் இடங்களின் பட்டியலைக் கொடுங்கள், வழியை அவர் பார்த்துக்கொள்வார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் மகன் பேசினான். கார் வாங்க ஓர் ஆள் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னான். வேண்டாம், டிரைவர் கிடைத்துவிட்டார் என்றேன்.

நம்பவில்லை. "அஞ்சாவது ஆளா? எப்படிம்மா ஓட்டுறார்?"

"தெரியலப்பா" என்றேன். "வரும்போது நான் ஊரைப் பாத்துக்கிட்டு வந்தேன்."