துரை பங்களாவின் குரோட்டன் செடிகள்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றும் சோடை போகவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். என் எழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை வேறு யாரையும் விட்டு எழுதவைக்க முடியாது.

போன வாரம், பள்ளி விடுமுறையில், நல்ல வெயில் நாளில், மகன் சேகரன் ஈப்போ நகரத்து வீட்டிலிருந்து என்னையும் தன் மகள் யாழினியையும் காரில் ஏற்றினான். "அம்மா, நீங்க வேலை செஞ்ச தோட்டத்துத் துரை பங்களாவ இப்பப் பூந்தோட்டமாத் தொறந்துட்டாங்க. போய்ப் பாக்கலாம்லா" என்றான். நான் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த காலத்தில் அந்த வாசலில் நின்றாலே நாயை அவிழ்த்துவிடுவார்கள். இப்போது டிக்கெட்டைக் கிழித்துக் கும்பிட்டு உள்ளே விடுகிறார்கள். எனக்குப் பெருமைதான். புதுச்சேலை கட்டிக்கொண்டல்லவா போனேன்!

உள்ளே புல் வெட்டிய வாசனை. அது வந்தால் எனக்குக் கூடவே ஆயாக்கொட்டகை வாசனையும் வந்துவிடும். விடியலில் கைப்பிள்ளைகளை அங்கே ஆயாவிடம் விட்டுவிட்டுத்தான் மரம் வெட்டப் போவோம். ஈரத்துணி, பால்மாவு, சாக்குத் தொட்டில். திரும்பி வந்து தூக்கினால் என் கை ரப்பர் கித்தா பால் நாற்றம் அடிக்கும். அந்த நாற்றத்தை வைத்துத்தான் பிள்ளை என்னை அடையாளம் கண்டு சிரிக்கும். லட்சணமான அம்மா!

எங்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டிய தம்பி நம் ஆள்தான், வாய் ஓயாதவன். பங்களாவின் பின்பக்கச் சரிவுக்குக் கூட்டிப்போனான். அங்கே ஆள் உயரத்துக்குக் குரோட்டன் செடிகள், சிவப்பும் மஞ்சளுமாக.

"இதெல்லாம் அந்தக் காலத்துல துரையம்மா தன் கையால நட்டது" என்றான்.

"ஏன்ணே வரிசையா இல்ல?" என்று கேட்டாள் பேத்தி யாழினி.

"அதான் வெள்ளக்காரங்க ரசனை, தங்கச்சி!"

நான் ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டே போனேன்.

அந்தச் சரிவு முன்பு பங்களா வேலிக்கு வெளியே இருந்தது. பெரியவர்களுக்கு ஆற்றோரம் சுடுகாடு. பால்குடி மறக்காத பிள்ளை போனால் இங்கேதான் புதைப்போம். கல் கிடையாது, சிமெண்டு கிடையாது. பங்களா வேலியில் ஒரு குரோட்டன் கிளையை ஒடித்துத் தலைமாட்டில் ஊன்றுவோம். குழி எங்கேயோ செடி அங்கே. வரிசை எங்கிருந்து வரும்?

ஐந்து வளர்த்தேன் என்றேன். பெற்றது ஆறு. மூத்தவள் பல் முளைக்கும் முன்னே காய்ச்சலில் போனாள். "அதும் பேரச் சொல்லாத புள்ள, வயித்துல இருக்கறதையும் கூட்டிக்கிட்டுப் போயிரும்" என்று மாமியார் என் வாயைக் கட்டினார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பிள்ளைகள். வயிறு ஓய்ந்தபோது வாய் பழகிப்போயிருந்தது. இப்படி ஓர் அக்கா இருந்தாள் என்று என் பிள்ளைகளுக்கே தெரியாது.

அவளுக்கு நான் ஊன்றியது இலை முறுக்கிய மஞ்சள் குரோட்டன். அந்த ஜாதி அங்கே ஒன்றே ஒன்று. அதன் அடியில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். சேகரன் அதில் சாய்ந்து உட்கார்ந்து, "வாங்கம்மா, படம் புடிக்கலாம்" என்றான்.

"எந்திரிடா!"

ஐம்பது வயது ஆள், பள்ளிப் பையன் போலத் துள்ளி எழுந்தான். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உக்காரட்டும்மா, பரவால்ல" என்றான் அந்தத் தம்பி. "அடுத்த மாசம் எல்லாத்தையும் தோண்டி எடுத்துருவாங்க. வர்றவங்க காரு காடி நிறுத்த எடம் பத்தல."

தோண்டி எடுப்பார்களாம். ஏதோ கிழங்கைச் சொல்வது போலச் சொன்னான். அவனுக்கு என்ன தெரியும், பாவம். கை தானாகப் போய் அந்த மஞ்சள் செடியில் ஒரு கிளையை ஒடித்தது.

"ஐயோ, ஒடிக்கக் கூடாதும்மா!"

"இங்க ஒடிக்கிறது எனக்குப் புதுசு இல்ல தம்பி."

வழியெல்லாம் சேகரன், "வெயிலு மண்டையில ஏறிருச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை, கைக்கு யாரும் கட்டுப் போடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் போய்விட்டன. பால்மரம் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்துவிட்டது. ஆயாக்கொட்டகை இருந்த இடத்தில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள். மிச்சம் இருந்தது அந்தச் சரிவு ஒன்றுதான். கிளை அடுப்படி ஜன்னலில் பால்மாவு டின்னில் நிற்கிறது. இன்னும் வாடவில்லை.

யாழினி, இங்கே வாம்மா. உங்கப்பாவையும் கூப்பிடு. அடுத்த மாதம் அவர்கள் தோண்ட வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. நான் எழுதியதை முதலிலிருந்து வாசி. பிழை இருந்தால் இருக்கட்டும். கடைசியில் ஒரு பெயர் எழுதியிருக்கிறேன், உன் பெரிய அத்தையின் பெயர். அதை மட்டும் உரக்க வாசி.

அஞ்சலை.