கை மூடிய ஜெபம்

"நாலெழுத்து படிச்சவ கேட்டா மட்டும் கர்த்தருக்குச் சீக்கிரம் கேட்டுடுமாடீ? உங்கம்மா கை போனது போனதுதான்."

என் சித்தி வாசலில் நின்று இதைச் சொன்னாள். அம்மா படுத்து அன்றோடு எட்டு நாள்.

சபையாரே, பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போய் எழுத்துக் கற்றவள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான். என்னைப் பெற்ற நைனா உயிரோடு இல்லை. அம்மா ஏரியில் கையால் இறால் பிடித்து என்னைப் படிக்க வைத்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவுவாள். இறாலைப் போடும் பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பாள். அந்தச் சேறு என் சேலையில் படக் கூடாதென்று நான் தள்ளியே நடந்தேன். அதை உங்களிடம் மறைக்கவில்லை.

ஆடி மாதக் கடைசியில் கெளுத்தி முள் அவள் வலது உள்ளங்கையில் ஏறியது. மூன்றாம் நாள் மணிக்கட்டு வரை வீக்கம். பிறகு காய்ச்சல். கோட்டை வைத்தியர் வந்து பார்த்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கையை மணிக்கட்டோடு எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உயிர் தங்காது என்றார்.

நான் ஜெபித்தேன். பள்ளியில் கற்ற நீண்ட ஜெபங்களைக் காலையும் மாலையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் ஆமென் என்னும்போதே முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவேன். அடுப்பு கிடக்கும், தண்ணீர் எடுக்க வேண்டும். புத்தகத்தை மூடுவது போலத்தான் அந்தச் சொல் எனக்கு.

சனிக்கிழமை காலை அம்மா பாயில் கிடந்தபடி கேட்டாள்.

"இன்னாடி, முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேம்மா."

"எங்க முடிச்ச? ஒம்போது நாளா தடவிக்கினே கீற. கைய மூடவே மாட்டற. கைக்கு அடியிலயே எறா இருந்தாலும், மூடாம எப்டிடி பறிக்கு வரும்?"

எனக்குக் கோபம் வந்தது. "நீ ஒரெழுத்து படிச்சிருக்கியா?"

"படிக்கல. நான் வெறும் பறியோட கரைக்கு வந்து பாத்துகீறியா?" என்று சிரித்தாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

நான் மறுபடி முழங்காலில் விழுந்தேன். நீண்ட ஜெபம் எதுவும் வரவில்லை. "கர்த்தாவே, இந்தக் கை எங்களுக்கு வேண்டும்" என்றேன். அதோடு நின்றுவிட்டேன். கடைசிச் சொல்லைச் சொல்லப் பயமாக இருந்தது. சொன்னால், அவர் தருவார் என்று நம்ப வேண்டும். தந்தாலும் அந்தக் கை ஆறும்வரை ஏரியில் யார் இறங்குவது? இத்தனை நாள் கேட்ட நான் இதை ஒரு தடவையும் யோசிக்கவில்லை. நான்தான் இறங்க வேண்டும். அதையும் மனதில் வைத்து, ஆமென் என்றேன். உடனே எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் வீக்கம் தானாக உடைந்தது. சீழோடு ஒரு முள் துண்டு வந்தது. சாயங்காலம் அம்மா கஞ்சி கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வைத்தியர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கத்தியைப் பெட்டியில் வைத்தார். சித்தி முள் துண்டை வாங்கிப் பார்த்து, "இத்தினியூண்டுதானா?" என்று அழுதாள். அம்மாவின் மோதிர விரல் இன்னும் மடங்கவில்லை. கை இருக்கிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

களைத்துப் போனவர்களே, உங்களைப் போலவே நானும் களைத்திருந்தேன். அழகாக ஜெபிக்கத் தெரியாவிட்டால் போகட்டும். கடைசிச் சொல்லில் மட்டும் அவசரப்படாதீர்கள். என்ன கேட்டோம், கிடைத்தால் என்ன செய்வோம் என்று அறிந்து, அவர் தருவார் என்று நம்பிச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் அம்மாவின் பறிக்கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏரியில் இறங்கினேன். ஏழு இறால் கிடைத்தது. இன்றும் கரையேறி வந்துதான் இதை எழுதுகிறேன். நகக்கண்ணில் சேறு இருக்கிறது.