யாருக்கு மாத்திரை?

“யாருக்கு?”

தலைவலி மாத்திரை கேட்டு யார் வந்தாலும் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்பாள், நீட்டமாட்டாள். “எனக்குத்தான்” என்றால் சரி. “பிள்ளைக்கு” என்றுவிட்டால் விசாரணை ஆரம்பம். எத்தனை வயசு, எத்தனை நாளா, நேத்தும் கொடுத்தீங்களா, முந்தாநாள்? பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். மருந்துக்கடையில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர் விழுந்தது அப்படித்தான்.

ஒல்லி உடம்பு. கடை கொடுத்த நீலக் கோட்டுக்குள் இன்னொருத்தியும் நுழையலாம். கோபம் வந்தால் கத்தமாட்டாள். குரல் இறங்கும், அட்டையால் கண்ணாடி மேஜையை டக் டக்கென்று தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டாலே முதலாளி கல்லாவை விட்டு எழுந்துவிடுவார்.

“மாத்திரை விக்கத்தானே உன்ன வச்சிருக்கேன்?”

“விக்கறேன். பச்சப்புள்ளைக்குத் தினம் விக்கமாட்டேன்.”

அவள் மகளுக்குப் பதிமூன்று வயதில் தலைவலி வந்தது. கண் விழிக்கும்போதே வந்து உட்கார்ந்துகொள்ளும், படுக்கும்வரை விடாது. “கணக்குப் பரீட்சைன்னா வந்துடும் போல” என்று வகுப்பு டீச்சர் சிரித்தாள். கண் டாக்டர் பார்வையில் குறையில்லை என்றார். நாத்தனார் போனைப் பிடுங்கச் சொன்னாள். பிடுங்கியும் வலி போகவில்லை. வக்கீலம்மா கையில்தான் மருந்துக்கடையே இருந்ததே! தினம் ஒன்று, பிறகு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. எட்டு மாதம். கடைசியில் நரம்பு டாக்டர் ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “வலி நிஜம்தாம்மா. ஆனா தினம் கொடுத்த மாத்திரையே இப்ப அதைப் போகவிடாம பிடிச்சு வச்சிருக்கு.”

நிறுத்திய முதல் பத்து நாள் அந்தப் பெண் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். மெல்லத் தேறினாள்; இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அம்மாவுக்குத்தான் இன்னும் ஆறவில்லை. “ஊரே நடிப்புன்னுச்சு. நானும் நம்பி ஒரு நாள் அவள அறைஞ்சேன். அதுக்கு என்ன மாத்திரை இருக்கு?”

போன வாரம் ஒரு மத்தியானம், கொளுத்தும் வெயிலில் வேன் டிரைவர் ஒருவர் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தார். பின்னால் பள்ளிச் சீருடையில் மகள், கையால் கண்ணை மறைத்தபடி. அந்த வாரத்தில் அவர் கேட்கும் இரண்டாவது அட்டை இது; முதலாவதை முதலாளியே எடுத்துக் கொடுத்திருந்தார்.

“யாருக்கு?”

“இவளுக்குத்தான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நாடகம். ஒண்ணு முழுங்கினா வாய மூடிக்குவா.”

டக் டக். “வலிக்குதான்னு அவள ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா?”

“எம் பொண்ண எனக்குத் தெரியாதா?”

“நானும் இப்படித்தான் பேசினேன். இந்த மாத்திரைய இப்படித் தினம் போட்டா அதுவே தலைவலியக் கொண்டு வரும். பெரியாஸ்பத்திரியில பிள்ளைங்க டாக்டர்கிட்ட காட்டுங்க.”

முதலாளி பாய்ந்து வந்து அட்டையைப் பிடுங்கி டிரைவர் கையில் திணித்தார். “நாளையிலேருந்து நீ வரவேணாம்!”

அவள் அவரைப் பார்க்கவேயில்லை. “என்னம்மா பண்ணுது?” என்றாள் சிறுமியிடம்.

“வெளிச்சம் குத்துதுக்கா.”

வக்கீலம்மா மேஜைக்குப் பின்னாலிருந்து வந்து முதலாளியின் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள். பிறகு ஷட்டரைப் பாதிக்கு இழுத்தாள்.

“பட்டப்பகல்ல கடைய மூடுறியா?” முதலாளி அலறினார்.

நிழல் விழுந்தது. சிறுமி கண்ணிலிருந்து கையை எடுத்தாள். மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த டிரைவர், அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, “எந்த டாக்டர்னு சொன்னீங்க?” என்றார்.

விட்டால் மேலே ஏறிவிடுகிற ஷட்டர் அது. இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்தபடியே அவள் பதில் சொன்னாள்.