காவடிக்கு வளைத்த குழாய்

ஆடி மாதம் நெருங்கினால், திருத்தணியில் மலைப்பாதை பிரியும் இடத்துக்கு அருகில் உள்ள தணிகைவேலின் பட்டறைக்கு ஆட்கள் தோளைக் காட்டிக்கொண்டு வருவார்கள். அவர் நாடாவால் தோளை அளப்பார். பிறகு இரும்புக் குழாயில் மணலை இறுக்கி நிரப்பி, உலையில் சிவக்கவைத்து, வில்லாக வளைப்பார். வளைவில் ஒரு நசுக்கம் இருக்காது. "தணிகை அண்ணன் காவடின்னா தோள்ல கீதா இல்லையான்னே தெரியாது" என்பார்கள். பள்ளிப்பட்டில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் பேருந்துக் கூடு கட்டும் கொட்டகையில் பத்தாண்டுகள் பற்றவைப்பு வேலை பார்த்து, ஊருக்குத் திரும்பி இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் சேர்த்த சொத்து அந்த ஒரு சொல்தான்.

தங்கை ஜெயம்மாவின் மகன் சுதாகர் அந்தச் சொல்லை நம்பித்தான் வந்தான். அவனிடம் இருந்தது ஒரே கார். வாரநாள்களில் அது மனைவி அனுராதாவையும் மகள் யுவஸ்ரீயையும் ஏற்றிக்கொண்டு கடைக்கும் பள்ளிக்கும் போகும். மாதத்தில் ஒரு ஞாயிறு பந்தயத் தடத்தில் சுற்றும். கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவதற்கு உள்ளே குழாய் வேண்டும், உடலைப் பிணைக்கும் பட்டைகள் வேண்டும் என்று தடத்தில் சொல்லிவிட்டார்கள்.

"முன் கண்ணாடி வரைக்கும் கூண்டு மாதிரி கட்டிடலாமா மாமா?"

"தடத்துல ஹெல்மெட் போட்டுக்குவ. மார்க்கெட்டுக்குப் போம்போது போட்டுக்குவியா? பிரேக் அடிச்சா மண்டை இரும்புலதான் மோதும். முன்சீட்டுக்குப் பின்னால ஒரே வளைவு போதும். பின்னால கொழந்த ஒக்கார்ற பக்கம் பஞ்சு சுத்திடறேன்."

பட்டைகளிலும் அவர் விடவில்லை. சுதாகர் காட்டிய நான்கு பட்டைத் தொகுதியை ஒதுக்கினார். மோதும்போது உடல் அடியில் வழுக்காதிருக்கத் தொடைகளுக்கு நடுவிலும் இழுத்துப் பிடிக்கும் ஆறு பட்டைத் தொகுதியை வாங்கச் சொன்னார். தோள் பட்டைகளை வளைவின் குறுக்குத் தண்டில் தோள் மட்டத்திலேயே கட்ட வேண்டும். தாழ்ந்தால் முதுகெலும்பை அமுக்கும் என்றார். கார் வரும்போதே இருந்த பெல்ட்டைக் கழற்றக் கூடாது, சாலைக்கு அதுதான் என்றார். எல்லாம் சரியாகத்தான் சொன்னார்.

தடத்தின் விதிகளை எழுதிச் சுதாகர் கொடுத்த தாளில் இன்னும் ஒரு வரி இருந்தது: நெடுக ஒட்டிய தையல் இல்லாத தடித்த குழாய், சூடேற்றாமல் எந்திரத்தில் வளைத்தது. தணிகைவேல் அதைப் படித்தார். சிரித்தபடி மடித்துப் பையில் வைத்தார்.

"என் கை வளைக்கறத மிஷினாடா வளைக்கும்?"

"கனம் மட்டும் ஏறாம பாத்துக்க மாமா. வண்டி ஓடாது."

கனம் ஏறாமல் செய்வது அவருக்குப் புதிதா என்ன? காவடிக் குழாயையே எடுத்தார், மணலை நிரப்பினார், உலையை மூட்டினார். முதல் வளைவு ஓரங்குலம் குறுகிப்போனதால் அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, இரண்டாவதைக் காரில் பொருத்திக் கறுப்பு வண்ணம் அடித்தார்.

சனிக்கிழமை காரை எடுக்கக் கணவனோடும் மகளோடும் வந்த அனுராதா, சுவரோரம் இருந்த முதல் வளைவை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாங்க மாமா, முறம் மாதிரி கீது! கார் இதும்மேல கவுந்தா தாங்குமா?"

"ஆறடிக் காவடியே தாங்குதும்மா" என்றார் அவர்.

கார் போன பிறகு அந்தப் பதில் அவரை விடவில்லை. காவடியைச் சுமப்பது தோள். காவடி எதையும் சுமப்பதில்லை, மயிற்பீலியைத் தவிர. சுதாகர் தடத்துக்குப் போகும் ஞாயிறு விடிந்ததும் பட்டறையைத் திறந்தார். முதல் வளைவை நிமிர்த்தி, அதற்கும் மேலே போகும் உத்தரத்துக்கும் இடையில் லாரி ஜாக்கியைக் கொடுத்து, அதன் பிடியை அழுத்தி அழுத்தி ஏற்றினார். எட்டாவது அழுத்தலில், உலையில் சிவந்த இடம் முனகிக்கொண்டு மடங்கியது. தையல் பிளந்தது. வெளிப்புற இரும்பு நகத்தளவுக்கு மெலிந்திருந்தது.

ஆறு பட்டைகளும் சுதாகரை நிமிர்த்தியே பிடித்திருக்கும். கூரை இறங்கினால் அவனால் ஒருபக்கம் சாயக்கூட முடியாது. அப்படிக் கட்டச் சொன்னவரும் அவரேதான்.

செல்பேசியில் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவான். தடத்துக்குப் போகிறவர்கள் ஏழு மணிக்குக் கனகம்மாசத்திரம் டீக்கடையில் கூடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். இரும்பறுக்கும் கிரைண்டரை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

காரில் சாய்ந்து நின்ற நண்பன் ராஜீவ்தான் முதலில் பார்த்தான். "வண்டிக்குப் பூசை போட வந்துகினு கீறாரு பாரு உங்க மாமா! எலுமிச்சம்பழம் எங்க மாமா?"

தணிகைவேல் சிரிக்கவில்லை. "சுதாகரு, வண்டிய எடுக்காத. நான் தப்பா பண்ணிட்டேன். தோளுக்குப் போடற குழாய்ல பண்ணிட்டேன்."

சிரிப்பு நின்றது. "அங்க செக் பண்ணுவாங்க மாமா, பாத்துப்பாங்க" என்றான் சுதாகர், தாழ்ந்த குரலில்.

"பெயிண்ட்டுக்குள்ள இன்னா தெரியும்? அடிச்ச எனக்கே தெரியல."

"இன்னிக்கு ஒரு நாள். மெதுவா ஓட்டறேன்."

"மெதுவா ஓட்டறதுக்கு எதுக்குடா அங்க போற?"

ராஜீவ் தேநீர்க் குவளையை வைத்தான். "அடுத்தது என் வண்டின்னு சொல்லிகினு இருந்தேன். நல்லவேள" என்றான் யாரிடமும் இல்லாமல்.

சுதாகரின் முகம் சிவந்தது. "பேப்பர்ல எழுதிக் குடுத்தேன் இல்ல? தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாமே மாமா. யுவஸ்ரீ நேத்து அதுக்குப் பின்னாலதான் ஒக்காந்துகினு வந்தா."

தணிகைவேல் கடைக்காரரிடம் மின்சாரம் கேட்டு வாங்கினார். ஈரச் சாக்கை இருக்கைகள்மேல் விரித்து, உள்ளே குனிந்து, வளைவின் இரண்டு கால்களையும் குறுக்குத் தண்டுக்குக் கீழே அறுத்தார். பொறி பறந்தது, பேருந்துக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தோள் பட்டைகள் பிடிப்பில்லாமல் இருக்கைமேல் சரிந்தன.

சுதாகர் பழைய பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, காரைத் திருத்தணிப் பக்கம் திருப்பினான். மற்ற கார்கள் எதிர்த்திசையில் போயின.

அறுத்த வளைவை ஸ்கூட்டரின் காலடியில் வைக்க முடியவில்லை, அகலம். தணிகைவேல் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். ஊர் சொன்னது சரிதான். தோளில் இருப்பதே தெரியவில்லை.