சூளையில் வளைந்த பூதம்

என் பேத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் பூதம் வளர்க்கிறாள். கூடத்தில் அவளுடைய தோழர்கள் நான்கு பேர் வட்டமாக உட்காருவார்கள். இவள் ஓர் அட்டையை மறைப்பாக நிறுத்திக்கொண்டு கதை சொல்லுவாள். அவர்கள் ஆளுக்கொரு வாள்வீரனாகவும் மந்திரக்காரியாகவும் அந்தக் கதைக்குள்ளே நடப்பார்கள். எதிரே பூதம் வந்தால், வெட்டு விழுமா விழாதா என்பதைப் பகடை சொல்லும். நாலு பக்கத்திலிருந்து இருபது பக்கம் வரைக்கும் ஏழு பகடைகள். போன வாரம் எண்ணியபோது ஆறுதான் இருந்தன. காணாமல் போனது நாலு பக்கத்துப் பகடை. எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே பார்க்கும். யார் காலில் ஏறப்போகிறதோ என்று நான் செருப்போடு வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன்.

இந்த வாரம் வேற்றுலகத்துப் பூதம் ஒன்றை அவள் தயார் செய்துகொண்டிருந்தாள். எங்கிருந்து வருகிறது, எதற்கு வருகிறது என்று கேட்டேன்.

"வேற உலகத்துலேருந்து வரும் தாத்தா. வந்து கடிக்கும். அவ்ளோதான்."

"அதால என்ன பிரயோசனம்?"

"பூதத்துக்கு என்ன தாத்தா பிரயோசனம்?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லாத பூதம் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். விருத்தாசலத்தில், எனக்குப் பத்து வயதில், அதை உடைத்துவிடுவார்கள்.

அப்பாவுக்குப் பீங்கான் பட்டறை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. சூளையிலிருந்து இறக்கிய சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து நடுவிரல் மூட்டால் தட்டுவார். ணங்கென்று ஒலித்தால் நல்ல சாமான். தொப்பென்று கேட்டால் உள்ளே விரிசல் என்று அர்த்தம். அதே இடத்தில் சுத்தியலால் உடைத்துப் போட்டுவிடுவார். உருவம் கோணிப்போய், ஒலி மட்டும் சுத்தமாக இருந்தால் உடைக்கமாட்டார். ஒதுக்கி வைப்பார், அது குறைந்த விலைக்குப் போகும். இந்தத் தட்டும் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்தது. தண்ணீர்ப் பானை, டம்ளர், கதவு என்று கைக்கு எட்டியதையெல்லாம் தட்டுவார். கணக்குப் பரீட்சையில் நான் மார்க் குறைவாக வாங்கியபோது என் தலையையும் தட்டிப் பார்த்திருக்கிறார். என்ன ஒலி கேட்டது என்று சொல்லவில்லை.

வேகும்போது ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து ஒட்டிக்கொண்ட சாமான்கள் அப்பாவின் மேசைக்கே வராது. அவற்றை நேராகப் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் உடைசல் மேட்டில் கொட்டிவிடுவார்கள். எங்கள் பூதங்கள் அங்கிருந்துதான் வந்தன. கொண்டுவந்தவர் சின்ன மாமா.

சின்ன மாமா அம்மாவின் தம்பி. எங்கள் ஊருக்குப் பக்கத்து மங்களூரில் பெரிய மாமாவோடு நிலத் தகராறாகி, பெரிய மாமா அவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார். ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, நாலு நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொன்னார். அப்போது தை மாதம். நான் சொல்லும் சம்பவம் நடந்தபோது சித்திரை பாதி. இடையில் நெய்வேலிக்கு மூன்று முறை வேலை கேட்டுப் போய், மூன்று முறையும் போன பஸ்ஸிலேயே திரும்பிவந்தார். ஆரம்பத்தில் அப்பா அவரை "மாப்ள" என்று கூப்பிடுவார். பிறகு அந்தச் சொல் நின்றுபோயிற்று. மாமா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் அம்மாவிடம் "ஒன் தம்பி சாப்ட்டாச்சா?" என்று கேட்பார். மாமா மட்டும் அப்பாவை "மாமா, மாமா" என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

கோடை விடுமுறையில் மாமா எங்களுக்கு அந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தார். நான் வாள்வீரன். அக்கா எந்த உலகத்துக்கும் டிக்கெட் கிழித்துத் தரக்கூடிய பஸ் கண்டக்டர். நாங்கள் இருவரும் மணிமுத்தாற்றைத் தாண்டினால் அந்தப் பக்கம் வேற்றுலகம். ஒரு பக்கம் தேய்த்த ஆறு புளியங்கொட்டைகளைக் குலுக்கிப் போட்டுத்தான் வழி, மழை, பசி எல்லாம் தீர்மானமாகும். மூன்று வெள்ளைக்குக் குறைவாக விழுந்தால் பூதம் வந்துவிடும். மாமா முதுகுக்குப் பின்னாலிருந்து அன்றைய உடைசலை எடுத்து நடுவில் வைப்பார். வைத்துவிட்டு இரண்டே கேள்வி கேட்பார்.

"எங்கேருந்து வந்துது? என்னத்துக்கு ஆவும்?"

இரண்டுக்கும் மாமா தலையாட்டும்படி பதில் சொல்லிவிட்டால் பூதம் எங்கள் பக்கம் சேர்ந்துவிடும். கொல்லைச் சுவர்மேல் அதற்கு ஓர் இடம் உண்டு. சொல்லாவிட்டால் செங்கல்லால் ஒரே போடு. மெருகு வழிந்து முகம் மூடிப்போன பொம்மை ஒன்று வந்தது. யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளாத உலகத்திலிருந்து வந்தது, பரீட்சை ஹாலில் காவலுக்கு ஆகும் என்றாள் அக்கா. கரண்டு கம்பத்துப் பீங்கானில் ஒரு பொம்மைக் கை ஒட்டிக்கொண்டு வந்தது. அது இடி பிறக்கிற ஊர்க்காரன், மின்னலைக் கையால் பிடித்து விழுங்கி வயல்வேலை செய்கிறவர்களைக் காப்பாற்றும் என்றேன் நான். "நல்லூரு பக்கம் அனுப்பி வைப்போம், அங்கதான் இடி அதிகம்" என்று மாமா ஏற்றுக்கொண்டார். சித்திரை பாதிக்குள் சுவர்மேல் பதினோரு பூதங்கள் சேர்ந்துவிட்டன. தினமும் காலையில் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவேன்.

அந்தச் சமயத்தில் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, இரண்டு நாள் தங்க வந்தார். சாப்பாட்டு நேரத்தில் மாமா சோற்றுக்கு இரண்டாம் முறை தட்டை நீட்டியபோது, அத்தை ரசத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்கேருந்தோ வந்து குந்திக்கினு இருக்குது. என்னத்துக்கு ஆவும் இது?" எனக்கு ஒரே சந்தோஷம். அத்தைக்கும் எங்கள் விளையாட்டு தெரிந்திருக்கிறது. எந்தப் பூதத்தைச் சொல்றீங்க அத்தை என்று ஆவலாகக் கேட்டேன். மாமா நீட்டிய தட்டை மெதுவாக இழுத்துக்கொண்டு கை கழுவப் போனார்.

அத்தை ஊருக்குப் போன மறுநாள் அப்பா அம்மாவிடம் பேசியது கூடத்தில் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. தினமும் அந்தக் கடிகாரத்தைப் பட்டறைச் சங்கோடு ஒத்துப்பார்த்து முள்ளைச் சரிசெய்வது வீட்டில் என் உத்தியோகம்.

"ஞாயித்துக்கெழம நாலரை மணி பஸ்ஸுல ஏத்தி உட்டுடு. அவங்க அண்ணன் பாத்துக்கட்டும்."

"அவரு வாசப்படி மிதிக்க உடமாட்டாருங்க. எங்க போவான் அவன்?"

"நாலு மாசமா நானும் அதத்தான் கேக்கறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே துணிப்பை வாசற்கதவை ஒட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. அம்மா புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தார். கட்டிய பொட்டலத்தைப் பிரித்து மறுபடியும் கட்டினார். மாமா எங்களைக் கொல்லைக்குக் கூப்பிட்டு, முருங்கை நிழலில் உட்காரவைத்து, கடைசி ஆட்டம் என்றார்.

அன்றைய பூதம் இதுவரை வந்ததிலெல்லாம் பெரியது. வார்க்கும்போது அது குடம் சுமக்கும் ஆளாக இருந்திருக்க வேண்டும். சூளையில் இடுப்பு இளகி முன்னால் குனிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த கிண்ணம் சாய்ந்து அதன் முதுகில் கூனாக ஒட்டிக்கொண்டது. அடியில் முட்டுக் கொடுத்த துண்டும் சேர்ந்து வெந்ததால் மூன்று கால். இரண்டு கால் நிற்கப் பார்க்க, மூன்றாவது கால் அதைத் தடுப்பதுபோல் இருந்தது. பார்த்தவுடனே எனக்குப் பிடித்துப்போயிற்று. இது பன்னிரண்டாவது; எப்படியும் சுவர்மேல் ஏற்றிவிட வேண்டும்.

புளியங்கொட்டையைக் குலுக்கிப் போட்டேன். இரண்டு வெள்ளை. பூதம் என் பங்கு.

அப்போதுதான் அப்பா கொல்லைக்கு வந்தார். கையில் நாற்காலி. சுவரோரம் போட்டு உட்கார்ந்து, எங்களைப் பார்த்தார். அவர் அங்கே வந்து உட்கார்ந்ததே இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறதா என்று பார்க்க வந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. வாயில் தயாராக இருந்த பதில் எனக்கு நாக்கில் ஒட்டிக்கொண்டது.

"சொல்லுடா. எங்கேருந்து வந்துது?" என்றார் மாமா.

அக்கா வாயசைத்து ஏதோ சொல்லிக்கொடுத்தாள், புரியவில்லை. மாமா விரலால் பத்து வரை எண்ணினார், மெதுவாகத்தான். பத்தும் முடிந்தது.

அப்பா நாற்காலியிலிருந்து குனிந்து, ஒரு கையில் பூதத்தையும் மறு கையில் செங்கல்லையும் எடுத்தார்.

"பதில் வரலன்னா ஒடைக்கணும், இல்ல? அதான ஒங்க சட்டம்?"

"ஆமாம் மாமா" என்றார் சின்ன மாமா. "ஆனா அவனுக்குப் பதிலா வேற ஒருத்தர் சொல்லலாம்."

"அப்ப நீ சொல்லு."

அடுக்களைக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா பின்கட்டு நிலைப்படியில் வந்து நின்றார்.

"எங்கேருந்து வந்துது இது?" என்றார் அப்பா.

மாமா வழக்கமாகச் சொல்லும் இடங்கள் எனக்குத் தெரியும். பாலுக்குப் பதில் இருட்டைக் கறக்கும் ஊர், தலைகீழாய்ப் பெய்யும் மழை. அப்படி ஏதோ வரப்போகிறது என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். மாமா பூதத்தையே பார்த்துக்கொண்டு, கதை சொல்லும் குரலில் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார்.

"எங்கேருந்தும் வரல மாமா. எல்லா பொம்மையும் வாக்கற அச்சுலதான் இதையும் வாத்தாங்க. பக்கத்துல இருந்தது இது மேல சாஞ்சிடுச்சு. சூடு தாங்கல. குனிஞ்சிடுச்சு."

எனக்குப் பெரிய ஏமாற்றம். அக்கா சொல்லியிருந்தால்கூட இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பாள்.

"சரி" என்றார் அப்பா. "என்னத்துக்கு ஆவும்?"

முருங்கையிலிருந்து ஒரு பழுத்த இலைக்கொத்து மாமாவின் தோளில் விழுந்தது. அவர் தட்டிவிடவில்லை. பதினோரு பூதங்களுக்கு வேலை கண்டுபிடித்துக் கொடுக்க எங்களைப் பழக்கியவர், பன்னிரண்டாவதற்கு வாயைத் திறந்து மூடினார்.

"தெரியல மாமா."

சட்டப்படி ஆட்டம் முடிந்துவிட்டது. அப்பா பூதத்தைத் தரையில் நிறுத்தி, செங்கல்லைத் தூக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சில்லுத் தெறித்தால் கண்ணில் படும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

உடையும் சத்தம் வரவில்லை. ணங் என்று ஒரு சத்தம் வந்தது.

கண்ணைத் திறந்தேன். செங்கல் இன்னும் அப்பாவின் வலது கையில்தான் இருந்தது. இடது கையின் நடுவிரல் பூதத்தின் குனிந்த முதுகின்மேல் மடங்கியிருந்தது. தட்டாமல் எதையும் உடைத்துப் பழகாத கை. அவரே அதை எதிர்பார்க்கவில்லை போலும். அந்த விரலைப் பார்த்தார். பிறகு கூனாக ஒட்டியிருந்த கிண்ணத்தைத் தட்டினார். ணங். மூன்றாவது காலைத் தட்டினார். காதை இன்னும் கிட்டே கொண்டுபோய் இடுப்பைத் தட்டினார். கோவில் மணியின் கடைசி இழுப்பைப்போல் அந்த ஒலி கொல்லை முழுக்க நின்றுவிட்டு, மெல்லக் கரைந்தது.

செங்கல்லைக் கீழே வைத்தார். பூதத்தை எடுத்துக்கொண்டுபோய்ச் சுவர்மேல், வரிசையின் கோடியில் வைத்தார். மூன்று காலும் பதியும்படி நகர்த்தி நிறுத்தினார்.

"பஸ்ஸு போயிருக்கும்" என்றார்.

கூடத்துக் கடிகாரம் கொல்லையிலிருந்து பார்த்தால் தெரியும். நான் பார்த்தேன். நாலடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பத்து நிமிஷ நடை.

"இல்லப்பா" என்று எழுந்து நின்றேன். "இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்குது. இப்ப கௌம்புனாகூட இருபத்தஞ்சு நிமிஷம் மிச்சம்."

அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டார். மாமா தரையைப் பார்த்தார். அக்கா என் தொடையில் கிள்ளிய கிள்ளு நாலு நாள் கன்றிப்போய்க் கிடந்தது.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒன் கடியாரம் தப்பு" என்றார்.

"இல்லப்பா, நேத்து சங்குக்குத்தான்..."

"தப்புன்னு சொல்றன் இல்ல? பஸ்ஸு போயிடுச்சு." பிறகு, என்னைப் பார்த்துக்கொண்டே, வேறு யாருக்கோ சொன்னார். "மாப்ள, போயி அந்தப் பைய எடுத்து உள்ள வை. நாளைக்குக் காலைல எங்கூட பட்டறைக்கு வா. பொம்மைக்குக் கண்ணு எழுத ஆள் கேட்டுக்கினு இருக்காங்க."

கட்டிய புளிச்சோற்றை அன்று ராத்திரி எல்லாரும் சாப்பிட்டோம். நான் சரியாகச் சாப்பிடவில்லை. என் கடிகாரத்தை, அதுவும் எல்லார் எதிரிலும், தப்பு என்று சொல்லிவிட்டார். எதிலும் ஒருபோதும் பிசகாத அப்பா இப்படிப் பிசகிவிட்டு, பழியை என்மேல் போட்டுவிட்டாரே என்று குமைந்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிச் சங்குக்காகக் கடிகாரத்துக்குக் கீழே முக்காலி போட்டு ஏறி நின்றேன். சங்கு ஊதியது. முள் சரியாக எட்டின்மேல் நின்றது. ஒரு மயிரிழை விலகல் இல்லை.

சாயங்காலம் வேலை விட்டு வந்த அப்பாவை வாசலிலேயே மறித்தேன். அவர் பின்னால் சின்ன மாமா, விரல்நுனியெல்லாம் கறுப்பு வர்ணத்தோடு நின்றார்.

"நம்ம கடியாரம் சரியாத்தான் ஓடுதுப்பா. சங்கோட பாத்துட்டேன். நீங்கதான் தப்பு."

அப்பா என் தலையில் நடுவிரல் மூட்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார். மாமா சிரித்தார்; சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். கண் எழுதும் வேலை என்றால் வர்ணம் கண்ணில் படத்தான் செய்யும், போய்க் கழுவுங்கள் என்று அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.