பச்சை முத்திரை குத்திய நாவல்கள்

வாடகை நூலகத்தில் வேலை பார்ப்பவன், எல்லாக் கதைகளின் முடிவும் தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டு சைக்கிள் மிதிக்க வேண்டியவன். நாவல் படித்தே கெட்டுப்போனதாக வீட்டில் பெயர் வாங்கிய உங்களுக்கு இந்த அவஸ்தை புரியும். அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் அப்படியொரு நூலகத்தில் இருந்தேன். புத்தகங்களைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஒருநாள் பந்தல்குடி, ஒருநாள் திருச்சுழி. இரண்டு பக்கமும் கரிசல். வெயிலில் ரோடு தண்ணீராக நெளியும். காலையில் படித்த நாவலின் ஆட்கள் அந்தத் தண்ணீருக்குள் எனக்கு முன்னால் நடந்து போவார்கள். மணியடித்தால் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

சோற்று விதி

முதலாளி என்னிடம் இரண்டு ரப்பர் முத்திரைகளைக் கொடுத்திருந்தார். பச்சை மைக்கு ‘சிறுவர்’, சிவப்பு மைக்கு ‘பெரியவர்’. புது நாவல் வந்தால் நான் படித்துப் பார்த்து ஒன்றைக் குத்த வேண்டும். குத்துவதற்கு ஒரு விதி வேண்டாமா? கண்டுபிடித்தேன். சிறுவர் நாவலில் எல்லோருக்கும் பசிக்கும். குகைக்குள் மாட்டிக்கொண்டாலும் முதலில் கொய்யாப்பழம்தான் தேடுவார்கள். பெரியவர் நாவலில் எவருக்கும் பசிப்பதில்லை; எதிரே காப்பி ஆறிக்கொண்டிருக்க, பெருமூச்சு விடுவார்கள். ஆகவே வாழ்க்கைக்கு அருகில் இருப்பது சிறுவர் நாவலே என்பது என் துணிபு.

இதை முதலாளியிடம் கால் மணி நேரம் விளக்கினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: “ஏம்ப்பா, கதையில சோறு இருக்கா இல்லையான்னு பாக்கவா ஒன்னய வேலைக்கு வச்சேன்?”

லாரிக்காரரின் விமர்சனம்

பந்தல்குடியில் ரோட்டோரம் லாரியை நிறுத்தி, வேப்பமர நிழலில் படிக்கிற டிரைவர் ஒருவர் எங்கள் உறுப்பினர். ஒரு சிவப்பு முத்திரை நாவலைக் கொடுத்து, “மனத்தின் அடியாழம் வரை போகும் நடை” என்று சிபாரிசு செய்தேன். மறுவாரம் திருப்பித் தந்தார். அடியாழத்துக்குப் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார் என்பது மடித்த பக்கத்திலிருந்து தெரிந்தது.

“ஏன் சார், இவுக வீட்டுல யாரும் வேலைக்கே போக மாட்டாகளா? நாப்பது பக்கமா ஒருத்தரு சன்னலையே பாத்துக்கிட்டு இருக்காரு. நான் அப்பிடிப் பாத்தா லோடு எப்ப போய்ச் சேரும்?”

காட்டுக்குள் ஏழு தடவை

திருச்சுழியில் பருத்திக் கமிஷன் கடை அண்ணாச்சி வீட்டுக்கும் புத்தகம் போகும். கடை முன்னால், வீடு பின்னால். படிப்பவள் மருமகள் செண்பகம். காரியாபட்டிக்காரி, பள்ளிப் படிப்பை முடித்தவள். பச்சை முத்திரை மட்டும்தான் வீட்டுக்குள் வரலாம், சிவப்பு ஒன்று வந்தாலும் அத்தோடு புத்தகமே நின்றுவிடும் என்று அண்ணாச்சி கண்டித்துச் சொல்லியிருந்தார்.

ஒரு மத்தியானம் போனேன். கடையில் எல்லோரும் கண்ணயர்ந்திருந்தார்கள். பஞ்சு ஒரு துணுக்கு வெயிலில் மிதந்துகொண்டே இருந்தது, இறங்க மனமில்லாததுபோல. செண்பகம் புத்தகத்தை நீட்டினாள். அவள் குரலில் கோபம் இல்லை, அசதி இருந்தது. “அண்ணே, நானும் ஏழு கதையில காட்டுக்குள்ள வழி தவறிட்டேன். வளந்த பொம்பளைக்கு வழி தவற வேற எடமே இல்லையா?”

ஏழாம் அத்தியாயத்துப் பணியாரம்

அடுத்த வாரம் நான் செய்தது தொழில் துரோகம். கல்யாணமான ஒருத்தி மேலே படிக்க ஆசைப்படும் நாவல் ஒன்று வந்திருந்தது. மாமனார் தடுக்கிறார், கடைசிப் பக்கத்தில் அவள் பஸ் ஏறுகிறாள். அதில் பச்சையைக் குத்திச் செண்பகத்திடம் கொடுத்துவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் போனபோது அந்த நாவல் அண்ணாச்சி கையில் இருந்தது. பருத்தி மூட்டையில் சாய்ந்திருந்தார். உள்கதவுக்குப் பின்னால் செண்பகத்தின் சேலை தெரிந்தது. வளையல் சத்தமே இல்லை. இனி அந்த வீட்டில் அவளுக்குப் புத்தகம் உண்டா இல்லையா என்பது அவர் வாயில் இருந்தது. என் வேலையும்தான்.

“தம்பி, இது சின்னப்புள்ள கதையா?”

“ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பையன் பணியாரம் கேட்டு அழுகிறான், அண்ணாச்சி” என்றேன். என் விதி எனக்குத் துணை.

அவர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, அதற்கு அப்பால் ஏதாவது இருக்கிறதா என்று அட்டையின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

“பஸ்ஸு ஏறுச்சே அந்தப் புள்ள, எந்த ஊருல எறங்குச்சு? எழுதலயே!”

“எழுதியவர் அதை நம்மிடம் விட்டுவிட்டார், அண்ணாச்சி.”

“நம்மகிட்டயா?” என்றவர் தெருவை எட்டிப் பார்த்தார். பஸ் எதுவும் வரவில்லை. பிறகு உள்கதவுப் பக்கம் திரும்பாமல், ஆனால் அங்கே கேட்கும்படி சொன்னார்: “இதே மாதிரி இன்னொண்ணு கொண்டாங்க தம்பி. பச்சையே குத்திருங்க, கடைக்கு நாலு பேரு வருவாக. மொதல்ல மருமக படிக்கட்டும். புள்ளைகளுக்கு ஆகுமா ஆகாதான்னு பெறகு நான் படிச்சுச் சொல்றேன்.”

முத்திரையைப் பார்த்து எழுதிய எங்கள் நூலகப் பதிவேட்டின்படி, அந்த வருஷங்களில் அண்ணாச்சி வீட்டில் நாவல் படித்த பெரியவர் ஒருவர்கூட இல்லை.