வெளிப் பெட்டிக்கு ஒரு கோட்டு

அந்தத் தெருவில் யாருடைய இடுப்பு எவ்வளவு பெருத்தது என்பது முதலில் தையல்காரருக்குத்தான் தெரியும். அவர் புண்ணியத்தில் சாயங்காலத்துக்குள் தெருவுக்கும் தெரிந்துவிடும். இந்தக் குளிர்காலத்தில் மட்டும் தெரு அவரைப் பார்த்துச் சிரித்தது. முதல் ஆளாகச் சிரித்தவரும் அவர்தான்.

மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பேத்தியை அவர் இன்னும் போனில்தான் பார்த்திருக்கிறார்.

"வீட்டைச் சூடா வைங்கப்பா, அப்பத்தான் பாப்பாவைத் தூக்கிட்டு வருவேன். போன தடவை நான் ஸ்வெட்டரோடதான் குளிக்கவே போனேன்" என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

பழைய ஹீட்டரைத் தலைமுழுகிவிட்டு, ஹீட் பம்ப் வாங்கக் கிளம்பினார். கடைக்காரர் பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார்.

"நாலுன்னு போட்டிருக்கு பாருங்கண்ணே. ஒரு பங்கு கரண்ட் தின்னா நாலு பங்கு சூடு கொடுக்கும்."

"மிச்ச மூணு எங்கேருந்து வருது? பக்கத்து வீட்டுலேருந்தா?"

"வெளிக்காத்துலேருந்து. குளிர்ந்த காத்துலயும் கொஞ்சம் சூடு இருக்கும். அதை உறிஞ்சி உள்ளே தள்ளும். ஆனா அந்த நாலு, லேசான குளிர்ல அளந்தது. கடுங்குளிர் வந்தா ரெண்டரைக்கு இறங்கிடும். கீழே இன்னொண்ணு போட்டிருக்கு பாருங்க, குளிர்காலம் முழுக்கச் சேர்த்த சராசரி. அதைப் பார்த்துதான் வாங்கணும்."

தையல்காரருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அளவெடுக்கும்போது எல்லோரும் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நிற்பார்கள். அந்த நாலு, மெஷின் வயிற்றை எக்கிக்கொண்டு கொடுத்த அளவு. கீழே இருக்கிற சராசரிதான், சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு தெரிகிற நிஜ இடுப்பு. துணி கொடுக்க வந்தவர்களுக்கெல்லாம் இதைப் பாடமாகவே நடத்தினார்.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். குளிர் ஏறினால் மெஷின் இறங்குகிறது. அப்படியானால், மெஷினுக்கே குளிராமல் பார்த்துக்கொண்டால்? கம்பெனிக்காரனுக்குக்கூடத் தோன்றாதது தனக்குத் தோன்றியதே என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டார். மெஷினை வாங்கி மாட்டிய கையோடு, சுவருக்கு வெளியே நின்ற அதன் காற்று உறிஞ்சும் பெட்டிக்கு டேப் பிடித்து அளவெடுத்தார். அவர் சர்வீஸில் வயிற்றை எக்காமல் அளவு கொடுத்த ஒரே ஆள் அதுதான். பஞ்சு வைத்து, லைனிங் கொடுத்து, காலர், பெரிய பொத்தான்களோடு ஒரு கோட்டு தைத்து மாட்டினார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

மறுநாள் காலை வீடு ஐஸ்பெட்டியாகிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள்.

"நாளைக்கு வரோம்ப்பா. வீடு சூடா இருக்குல்ல?"

"கொதிக்குதும்மா" என்றார், பல் தந்தியடிக்க.

மனைவி கம்பளியிலிருந்து தலையை நீட்டினாள். "கொதிக்குதாம்! என் மூக்கைத் தொட்டுப் பாருங்க. பாப்பா வாசலோட திரும்பிடும். மரியாதையா கடைக்காரரைக் கூப்பிடுங்க."

"ஏமாத்திட்டீங்களேய்யா" என்று போனில் குதித்தார் தையல்காரர். வந்த கடைக்காரர் வெளிச்சுவர் ஓரம் போய் நின்றார். கோட்டின் காலரைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணே, யாரு இவரு?"

"குளிருக்கு இதமா இருக்கட்டுமேன்னு..."

"வெளிக்காத்தை உறிஞ்சித்தான் சூடு எடுக்கும்னு சொன்னேன்ல? நீங்க மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தி, பொத்தான் வேற போட்டுட்டீங்க."

கோட்டைக் கழற்றினால், உள்ளே பெட்டி முழுக்க உறைபனி. கம்பளியோடு வெளியே வந்த மனைவி, "தெருவுக்கே பாடம் நடத்துன வாத்தியார் இவருதான்" என்றாள். அடுத்த வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தையல்காரர் தப்பிக்கப் பார்க்கவில்லை. கோட்டைத் தூக்கிப் பிடித்து, "யாருக்காவது சைஸ் சரியா இருந்தா சொல்லுங்க" என்று தானே ஏலம் விட்டார்.

பனி உருகி, மெஷின் மூச்சுவிட்டு, ராத்திரிக்குள் வீடு மெல்ல வெதுவெதுப்பானது. மறுநாள் மகள் குழந்தையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள். தையல்காரர் இரண்டு கையையும் நீட்டினார். மகள் உள்ளே ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி. பிறகு பாப்பாவின் குல்லாவை உருவி, போர்வையை விலக்கி, அவர் கையில் கொடுத்தாள்.

அப்புறம்தான் நாற்காலியில் கிடந்த கோட்டைப் பார்த்தாள். அம்மா கதையைச் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"எல்லாம் சரிப்பா, ரெண்டு பக்கமும் பாக்கெட் எதுக்கு?"

பேத்தியிடமிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஏன், அதுக்குக் கை குளிராதா?"